வெஸ்டர்லுண்ட் கோயிலின் வடக்குப் பக்கம்

இன்னாசித்தம்பி வெஸ்டர்லுண்ட் கோயிலுக்கு முதன்முதல் போனது பூசை காண்பதற்காகத்தான். போய் இருந்த பிறகுதான் அங்கே பூசையே இல்லையென்று தெரிந்தது.

அது 1987ஆம் ஆண்டுக் குருத்தோலை ஞாயிறு. மன்னாரில், பேசாலைப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சராக இருந்தவர் அவர். கிழக்கு பெர்லின் வழியாக டென்மார்க்குக்கு வந்து, அகதி முகாமில் இருந்து, இருக்க அனுமதி கிடைத்ததும் கோல்டிங்குக்குத் தெற்கே பன்றி இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தொழிற்சாலைக்குக் கிட்ட, வெஸ்டர்லுண்ட் என்ற சிறு கிராமத்தில், பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தின் மேல்மாடியில் அறை எடுத்திருந்தார். கத்தோலிக்கக் கோயில் கோல்டிங்கில் இருந்தது. ஞாயிறு காலையில் அங்கே போக பஸ் கிடையாது. ஆனால் மேல்மாடி யன்னலைத் திறந்தால் எதிரே கோயில். மணி அடித்தது. கோயில் என்றால் கோயில்தானே என்று சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, தலையை வாரிக்கொண்டு போனார்.

உள்ளே சுவர் எல்லாம் வெள்ளை. ஒரு புனிதரின் சுரூபமும் இல்லை. பழக்கத்தில் வலப்பக்கம் போய் இருந்தார். அவருடைய ஊர்க் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். கறுப்பு அங்கியும், கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைக் காலரும் அணிந்த ஒரு பெண் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றாள். வாசகம் வாசிக்க வந்தவள் என்றுதான் நினைத்தார். அவள்தான் அந்தப் புரட்டஸ்தாந்துக் கோயிலின் சாமி. பெயர் பிர்கிட்டெ. இன்னாசித்தம்பிக்கு எழும்பிப் போகவும் வெட்கமாக இருந்தது, இருக்கவும் மனம் ஒப்பவில்லை. கடைசியில் இருந்துவிட்டார். வந்திருந்தவர்கள் மொத்தமாக ஒரு கைப்பிடிதான். இவர் எழும்பிப் போனால் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வசந்தத்தில்தான் மனைவி விக்ரோரியாவையும், மகள் பிரியந்தியையும், மகன் ஜெசிந்தனையும் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் கொடுத்தார். அகதியாக ஏற்றுக்கொண்டவனுக்குக் குடும்பத்தைக் கூப்பிட உரிமை உண்டு என்று அந்த நாட்டுச் சட்டமே சொன்னது. சில மாதம் எடுக்கும் என்றார்கள். கோடை போயிற்று. குளிர்காலமும் போயிற்று. பிர்கிட்டெ சாமி தன் அலுவலகத்திலிருந்து கோப்பன்ஹேகனுக்கு இரண்டு மூன்று தடவை போன் எடுத்துக் கேட்டாள். "பரிசீலனையில் இருக்கிறது" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

1988 கோடையில் கோயிலைப் பூட்டி வேலை நடந்தது. உள்சுவரில் சுண்ணாம்பு பாளம் பாளமாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வெள்ளையடிக்க வேண்டும். கோயிலையும் அதைச் சுற்றிக் கல்லறைகள் இருக்கும் சேமக்காலையையும் பார்த்துக்கொள்ளும் லௌரிட்ஸ், இன்னாசித்தம்பிக்குத் தொழிற்சாலையில் விடுமுறை என்று அறிந்து, கைக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். அறையில் தனியே இருந்து கூரையைப் பார்ப்பதைவிட அது மேல் என்று இன்னாசித்தம்பி போனார்.

லௌரிட்ஸ் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆனால் கோயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. இன்னாசித்தம்பிக்கு டேனிஷ் குறைவு என்பதும் நினைவில் இருக்காது. கையாலும் கரண்டியாலும் காட்டிக் காட்டிச் சொல்லுவார். பெரும் பனிக்காலத்தில் பனி உருட்டிக்கொண்டுவந்து வயல்களில் விட்டுப்போன கருங்கற்களை, எண்ணூறு வருடத்துக்கு முதல் இந்த ஊர் உழவர்கள் பெயர்த்து எடுத்து, சதுரமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கோயில் அது. முதலில் கட்டியது மக்கள் நிற்கும் கூடமும், கிழக்கே பீடம் இருக்கும் சிறிய அறையும் மட்டும். நடுவே ஒரு அரைவட்ட வளைவு. மேற்கே நிற்கும் செங்கல் கோபுரம் முந்நூறு வருடம் பிந்தியது. வாசலுக்கு முன்னால் இருக்கும் சிறு அறையும் அப்படித்தான். அந்த அறையில் ஆண்கள் தங்கள் வாளையும் கத்தியையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார்களாம். முன்காலத்தில் இருப்பதற்கு வாங்குப் பலகை கிடையாது. எல்லோரும் நின்றுதான் பூசை கண்டார்கள். ஏலாதவர்கள் சுவரோரமாக இருந்தார்கள்.

வடக்குச் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டு போகையில், ஓரிடத்தில் கருங்கல் நின்று செங்கல் தொடங்கியது. சுரண்டச் சுரண்ட, மேலே வளைந்த ஒரு உயரமான வடிவம் வெளியே வந்தது.

"கதவு," என்றார் லௌரிட்ஸ். "பெண்களின் கதவு. தெற்குப் பக்கத்தால் ஆண்கள் வருவார்கள். பெண்கள் இதால் வந்து, இந்தப் பக்கம் நிற்பார்கள். பிறகு அடைத்துவிட்டார்கள்."

இன்னாசித்தம்பி கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு தனக்குத் தெரிந்த டேனிஷில், தங்கள் ஊரிலும் பெண்களுக்கு அந்தப் பக்கம்தான் என்று சொன்னார்.

"உங்கள் கோயில் எவ்வளவு பழையது?"

"என் அப்பாவின் காலத்தில் கட்டினது."

லௌரிட்ஸ் சிரித்தார். அடுத்த நாள் அந்தக் கதவின் பக்கத்தில், சுண்ணாம்புக்குக் கீழே, சிவப்பு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. லௌரிட்ஸ் வேலையை நிறுத்தச் சொன்னார். கோப்பன்ஹேகனிலிருந்து, பழைய சுவரோவியம் தெரிந்த நூதனசாலைக்காரர் ஒருவர் வந்து, நாள்கணக்காகச் சிறு கத்தியால் சுரண்டினார். ஒரு பெண்ணின் தலைத் துணியும், ஒரு கண்ணும், ஒரு கையும் வெளியே வந்தன. மிச்சம் எப்போதோ ஈரத்தில் போய்விட்டது. யாருடைய படம் என்று வந்தவரால் சொல்ல முடியவில்லை. மாதாவாகவும் இருக்கலாம், வேறு யாராவது புனிதையாகவும் இருக்கலாம். டென்மார்க் கத்தோலிக்கத்தை விட்ட பிறகு வந்தவர்கள் மேலே வெள்ளையடித்துவிட்டார்கள்.

"அப்போ முதலில் இது எங்களுடைய கோயில்," என்றார் இன்னாசித்தம்பி.

"நானூறு வருடம் உங்களுடையது," என்றார் லௌரிட்ஸ். "ஆனால் கூரையில் ஒழுக்கு வந்தால் இப்போது நான்தான் ஏறவேண்டும்."

பல மாதங்களுக்குப் பிறகு இன்னாசித்தம்பி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஐப்பசியில் ஸ்ரிபன் என்ற தமிழ் இளைஞன் காரில் வந்தான். கோல்டிங்கில் இருந்த அவனுடைய வீட்டுத் தொலைபேசிக்குத்தான் ஊரிலிருந்து அழைப்புகள் வரும். வழக்கமாகக் கீழே நின்று "அண்ணை!" என்று கூப்பிடுகிறவன், அன்று படியேறி வந்தான். கதிரையில் இருக்கவில்லை.

"அண்ணை, கொழும்பிலயிருந்து உங்கட மச்சான் போன் எடுத்தவர்," என்றான். "சின்னவனுக்குக் காய்ச்சலாம்."

"என்ன காய்ச்சல்?"

"மலேரியா. மூளைக்கு ஏறிப்போச்சாம்." ஸ்ரிபன் இன்னாசித்தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அண்ணை, பிள்ளை போயிட்டான்."

மன்னார்த் தீவில் ஆமியின் சுற்றிவளைப்பு தொடங்கியதும் விக்ரோரியா பிள்ளைகளோடு பெருநிலத்துக்கு, முருங்கனில் இருந்த அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினபோது ஊரடங்கு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரோட்டில் விடவில்லை. ஜெசிந்தனுக்கு ஆறு வயது. தகப்பன் அவனைக் கடைசியாகப் பார்த்தபோது மூன்று வயது. முருங்கனிலேயே சேமக்காலையில் தாட்டுவிட்டார்கள்.

அடுத்து வந்த நாள்களில் இன்னாசித்தம்பி வேலை முடிந்து வந்து கோயிலுக்குள் போய், பின்னால் ஒரு வாங்கில் இருப்பார். லௌரிட்ஸ் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பார். மாலையில் பூட்டும் நேரம் வந்தாலும் இவர் எழும்பும்வரைக்கும் பூட்டமாட்டார்.

1989இன் தொடக்கத்தில் டேனிஷ் பத்திரிகைகளில் செய்தி வரத் தொடங்கியது. தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களைத் தொடாமல் ஒரு பக்கத்தில் போட்டுவைக்கும்படி அமைச்சரே சொல்லியிருந்தாராம். சட்டத்தில் அதற்கு இடமே இல்லையாம். ஸ்ரிபன் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னான். இன்னாசித்தம்பி நம்பவில்லை. ஏதோ அலுவலகத்தில் ஆள் குறைவு, வேலை கூட என்றுதான் இவ்வளவு காலமும் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சே செய்தவங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. தெரிஞ்சுதான்."

அதன்பிறகு விண்ணப்பங்கள் ஓடத் தொடங்கின. அந்த வருடம் புரட்டாதியில் விக்ரோரியாவும் பிரியந்தியும் கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். விக்ரோரியா மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தாள். புருசனைக் கண்டதும் அழுவாள் என்று எதிர்பார்த்து நின்றவருக்கு முன்னால் அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் எங்களைக் கூப்பிடேல்லை?" என்றுதான் கேட்டாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ரயிலில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை, பிறகு பல முறை. விண்ணப்பம் கொடுத்த நாள், பிர்கிட்டெ சாமி போன் எடுத்தது, பத்திரிகையில் வந்தது. விக்ரோரியா கேட்பாள், நம்பமாட்டாள்.

"ஒரு மினிஸ்டருக்கு எங்கட பிள்ளையோட என்ன கோவம்?" என்று ஒருநாள் கேட்டாள். "நம்புற மாதிரி ஒரு கதை சொல்லுங்கோ."

இன்னாசித்தம்பி சொன்னது உண்மை. ஆனால் அது உண்மை மாதிரி இருக்கவில்லை. அவளுடைய இடத்தில் இருந்தால் தானும் நம்பியிருக்கமாட்டேன் என்று அவருக்குத் தோன்றியது.

பிரியந்தி பள்ளிக்கூடம் போனாள். விக்ரோரியா யன்னலுக்குக் கிட்ட இருந்து செபமாலை சொன்னாள், சமைத்தாள், படுத்தாள். எதிரே இருந்த கோயிலுக்குப் போகவில்லை. "பொம்பிளை பூசை வைக்கிற கோயிலுக்கு நான் வரேல்லை," என்றுவிட்டாள். ஸ்ரிபன் காரில் வந்து ஏற்றும் ஞாயிறுகளில் கோல்டிங்குக்குப் போவாள். அங்கே மற்றப் பெண்கள் கிட்ட வந்து ஆறுதல் சொல்லத் தொடங்கியதும், அதையும் விட்டாள்.

மாசி மாதத்தில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில், இன்னாசித்தம்பி வேலையால் வந்தபோது லௌரிட்ஸ் கோயில் மதிலுக்கு வெளியே நின்றார். விரலை வாயில் வைத்துக் காட்டி, உள்ளே போ என்று தலையசைத்தார்.

விக்ரோரியா உள்ளே இருந்தாள். வாங்கில் அல்ல, தரையில். வடக்குச் சுவரோடு சாய்ந்து, அடைத்த கதவுக்குப் பக்கத்தில், சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, காலை மடித்து இருந்தாள். இவர் வந்ததைக் கண்டும் எழும்பவில்லை.

"குளிருமெல்லே. வாங்கில இருமன்."

"இஞ்ச பொம்பிளையளின்ர பக்கம் இதுதானே?" என்றாள். "கதவு இருந்து அடைச்ச மாதிரிக் கிடக்கு."

அவர் பக்கத்தில் இருந்து, லௌரிட்ஸ் சொன்னதையெல்லாம் சொன்னார். வயல் கல், வாள் வைக்கும் அறை, பெண்கள் நின்ற பக்கம். மேலே தெரிந்த அரைகுறைப் படத்தைக் காட்டினார். அவள் அந்த ஒற்றைக் கண்ணையே கனநேரம் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவர் சொன்னதில் அவள் மறுக்காமல் கேட்டது அந்தக் கதையைத்தான்.

பிறகு எதிர்ச்சுவரைக் காட்டினாள். அங்கே மரப் பலகை ஒன்று தொங்கியது. அதில் பெயர்கள் எழுதியிருந்தன.

"அவை ஆர்?"

"முதலாம் யுத்தத்தில செத்த இந்த ஊர்ப் பெடியள். அப்ப இந்த இடம் ஜெர்மன்காரன்ர கையில. டேனிஷ் பெடியளைப் பிடிச்சு ஜெர்மன் ஆமியில சேர்த்து அனுப்பினவங்களாம்."

"எங்க தாட்டது?"

"பிரான்சில, ரஷ்யாவில. கொஞ்சப்பேரின்ர இடமே தெரியாதாம்."

"ஆளில்லை. பேர் மட்டும் இருக்கு."

"ஓம்."

விக்ரோரியா சால்வையை இழுத்துவிட்டாள். "ஜெசிந்தனுக்கும் இஞ்ச ஒரு கல் வைக்கவேணும். நீங்கள் அந்தச் சாமியாரம்மாட்டைக் கேளுங்கோ."

இந்த ஊரில் எதையும் கேட்காமல் இருந்தே பழகிவிட்டவர் இன்னாசித்தம்பி. யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நல்ல மனுசன் என்ற பெயர் ஒன்றுதான் அவர் அங்கே சேர்த்துவைத்திருந்தது. ஆனால் அவள் வந்ததிலிருந்து அவரிடம் கேட்ட முதல் காரியம் இது. போய்க் கேட்டார்.

பிர்கிட்டெ சாமி உடனே ஓம் என்றாள். ஆனால் சேமக்காலை சாமியின் பொறுப்பில் இல்லை. ஊர் தெரிந்தெடுத்த பங்குச் சபையின் பொறுப்பில் இருந்தது. சபைத் தலைவர் ஆஸ்முஸ், எழுபது தாண்டிய பண்ணைக்காரர். பெயர்ப் பலகையில் இருந்தவர்களில் ஒருவர் அவருடைய அப்பா. தகப்பனின் முகத்தைக் காணாமல் வளர்ந்தவர் ஆஸ்முஸ்.

வைகாசி முடியும் வேளையில் சபை கூடியது. புதைத்த உடலோ சாம்பலோ இல்லாத இடத்தில் கல் வைக்க விதியில்லை என்று பேச்சு வந்தது. இந்தப் பங்கில் ஒருநாளும் கால் வைக்காத பிள்ளை, அதிலும் கத்தோலிக்கப் பிள்ளை என்றும் பேச்சு வந்தது. அப்படிப் பேசியவர்களில் முதல் ஆள் ஆஸ்முஸ்தான். சாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கூடுதலானோர் வேண்டாம் என்று கை உயர்த்தினார்கள்.

முடிவைச் சாமியின் வாயால் சொல்லவிட்டு ஒளித்திருக்கும் ஆள் அல்ல ஆஸ்முஸ். அடுத்த நாள் சனிக்கிழமை பின்னேரம், தானே பழைய பள்ளிக்கூடத்தின் படியேறி வந்தார். இன்னாசித்தம்பி மேலதிக வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் விக்ரோரியாவும் பிரியந்தியும் மட்டும். ஒன்பது மாதத்துக்குள் பிரியந்தி டேனிஷை விழுங்கியிருந்தாள். விக்ரோரியா கதிரையைக் காட்டி, தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

"அம்மாவிடம் சொல்," என்றார் ஆஸ்முஸ் சிறுமியிடம். "நேற்று சபை கூடியது."

"அம்மா, நேற்று மீட்டிங் வைச்சவையாம்."

"சேமக்காலைக்கு விதிகள் இருக்கின்றன," என்று தொடங்கினார் அவர்.

பிரியந்தி அதை மொழிபெயர்க்கவில்லை. "தம்பியின் கல்லைப் பற்றியா?" என்று டேனிஷில் அவரையே கேட்டாள்.

ஒரு பிள்ளையின் வாயால் இதைச் சொல்லவைக்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்முஸ் படியேறும்போது நினைக்கவில்லை.

"அவனுக்கு எத்தனை வயது?"

"ஆறு. காய்ச்சல் வந்தது. ரோட்டில் போக விடவில்லை. நான்தான் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தேன்." அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள். "நாங்கள் அதற்கு முதலே இங்கே வந்திருக்க வேண்டும். அப்பா எல்லாக் கடதாசியும் கொடுத்துவிட்டார். கோப்பன்ஹேகனில்தான் எடுத்துப் பார்க்கவில்லை."

"என்னவாம்?" என்று குசினியிலிருந்து விக்ரோரியா கேட்டாள்.

"தம்பிக்கு எத்தினை வயசெண்டு கேட்டவர்."

தேத்தண்ணி வந்தது. சீனி கூடிப்போன தேத்தண்ணி. ஆஸ்முஸ் முழுவதையும் குடித்தார்.

"அங்கே அவனுக்குக் கல்லறை இருக்கிறதா?"

"இருக்கிறது. எங்களால் போக முடியாது."

"என் அப்பாவுக்கும் இருக்கிறது. பிரான்சில். நானும் போனதில்லை."

"ஏன் போகவில்லை? உங்களைப் போகவேண்டாம் என்று சொன்னார்களா?"

"இல்லை." ஆஸ்முஸ் யோசித்தார். "பண்ணையில் மாடுகள் இருந்தன," என்றார். சொல்லும்போதே அது அவருக்குச் சரியாகப் படவில்லை. அவர் எழும்பினார். விக்ரோரியாவுக்குத் தலைகுனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, வந்த விசயத்தைச் சொல்லாமலே படியிறங்கிப் போனார்.

அடுத்த கிழமை லௌரிட்ஸ் வந்து சொன்னதைக் கேட்டு இன்னாசித்தம்பிக்கு முதலில் விளங்கவில்லை. ஆஸ்முஸின் குடும்பக் கல்லறை நிலம் கோயிலின் வடக்குச் சுவருக்கு வெளியே இருந்தது. வெயில் படாத பக்கம் என்று முன்னோர்கள் விரும்பாத பக்கம். அவருடைய அம்மா அங்கே கிடந்தாள். அவளுடைய கல்லில் புருசனின் பெயரும், அந்நிய மண்ணில் உறங்குகிறான் என்ற வரியும் வெட்டியிருந்தது. பக்கத்தில் ஆஸ்முஸுக்கென்று இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் கல்லை வைக்கலாமாம். குடும்ப நிலத்தில் என்ன கல் வைப்பது என்பது குடும்பத்தின் விருப்பம், அதற்குச் சபை கை உயர்த்தத் தேவையில்லையாம்.

"அப்போ அவருக்கு?"

"தன்னை எரிக்கச் சொல்லிவிட்டார். தனக்கு ஒரு வாளி அளவு இடம் போதுமாம்," என்றார் லௌரிட்ஸ்.

இன்னாசித்தம்பிக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. "முதல் உரிமையைத் தரமாட்டினம்," என்று விக்ரோரியாவிடம் கத்தினார். "பிறகு இரக்கப்பட்டுத் தருவினம். என்ர பிள்ளை இன்னொருத்தன்ர காணியில ஒதுங்கி இருக்கவேணுமோ? எங்களுக்கு வேண்டாம்."

"எனக்கு வேணும்," என்றாள் விக்ரோரியா. "உங்கட சட்டத்தை நீங்கள் அவையளோட கதையுங்கோ. கதைக்கத்தான் வேணும். எனக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த இடம் வேணும். அந்த மனுசன் ரெண்டு முழம் தாறன் எண்டுறார். நான் வாங்குவன்."

அன்றைக்கு அவர்கள் கனநேரம் சண்டை பிடித்தார்கள். அடுத்த அறையில் பிரியந்தி காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள். ஆனால் அந்தச் சண்டையில்தான் விக்ரோரியா முதன்முறையாக அழுதாள். "நீங்கள் கூப்பிட்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். "தெரியும். எனக்கு ஆரையாவது ஏசவேணும் போல இருந்தது." இன்னாசித்தம்பி அவளுடைய தலையைத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் அவர் காணியைப் பற்றிப் பேசவில்லை.

கல்லை லௌரிட்ஸ் தன் தம்பியின் வயலில் கண்டெடுத்தார். கோயில் கட்டின அதே சாதிக் கருங்கல். ஒரு பக்கத்தை மட்டும் மினுக்கி, மேலே தமிழிலும் கீழே டேனிஷிலும் பெயர் வெட்டக் கொடுத்தார்கள். தமிழ் எழுத்தைப் பிரியந்தி பெரிதாக எழுதிக் கொடுத்தாள். கல்வெட்டுகிறவன் கொம்பை வெறும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டான். கல் "ஜசிந்தன்" என்று வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பி, பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்துக்குள் கொம்பைச் சின்னதாக நுழைத்துக் கொண்டுவந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் இப்போதும் தெரியும்.

கார்த்திகை மாதம், மரித்தோர் தினத்தில், கோல்டிங்கிலிருந்து கத்தோலிக்கக் குருவானவர் வந்து கல்லை ஆசீர்வதித்தார். பிர்கிட்டெ சாமி கறுப்பு அங்கியோடு அவருக்குப் பக்கத்தில் நின்றாள். ஸ்ரிபனும் மற்றத் தமிழ்க் குடும்பங்களும் காரில் வந்திருந்தார்கள். ஊர்க்காரரில் கொஞ்சப்பேர் மதிலோரமாக, வருவதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்கள். ஊர் வழக்கப்படி விக்ரோரியா தன் பிள்ளையின் கல்லில் மட்டும் மெழுகுதிரி கொளுத்தவில்லை. பக்கத்துக் கல்லறைகளுக்கும் கொளுத்திக்கொண்டு போனாள். ஆஸ்முஸின் அம்மாவின் கல்லில் கொளுத்தியபோது காற்று அணைத்தது. ஆஸ்முஸ் வந்து குந்தி இருந்து, தொப்பியால் காற்றை மறைத்தார். அவள் மறுபடி கொளுத்தினாள்.

அதன்பிறகு விக்ரோரியா முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கோயிலுக்குள்ளும் போய்வந்தாள். பூசைக்கு அல்ல, சும்மா போய் வடக்குப் பக்கத்தில் இருக்க.

1993 ஜனவரியில், ஒரு வியாழக்கிழமை, தமிழர் விண்ணப்பங்களை நிறுத்திவைத்ததைப் பற்றிய விசாரணை முடிந்து அறிக்கை வெளியே வந்தது. அன்றைக்கே அரசாங்கம் பதவி விலகியது. ஸ்ரிபன் போனில் கத்தினான்: "அண்ணை, டிவியைப் போடுங்கோ! கவுண்மேந்து விழுந்திட்டுது! எங்களால விழுந்தது!" இன்னாசித்தம்பி டிவியைப் பார்த்தார். சூட் போட்டவர்கள் கமராக்களுக்கு முன்னால் பேசினார்கள். இந்த நாளுக்காகத்தான் இவ்வளவு வருடமும் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தவருக்கு, களைப்புத்தான் வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் ஆஸ்முஸ் வந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கதிரையில் இருந்தார்.

"நான் எப்போதும் அந்த அமைச்சரின் கட்சிக்குத்தான் வாக்குப் போட்டேன்," என்றார். "அந்த வருடமும் போட்டேன். உங்கள் மகன் இறந்த வருடம்."

"உங்களுக்குத் தெரியாதே, அவர்கள் செய்தது."

"அது தெரியாது. ஆனால் தமிழர்கள் கூடிப்போய்விட்டார்கள், வாசலைப் பூட்டவேண்டும் என்று நானும் சொன்னேன். கோயில் வாசலில் நின்று சொன்னேன். அந்தச் சுண்ணாம்பு வேலை நடந்த கோடையில்."

இன்னாசித்தம்பி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார். "நான் உள்ளே நின்றேன். எனக்குக் கேட்டது."

ஆஸ்முஸின் முகம் சிவந்தது. "அப்போது உங்களுக்கு டேனிஷ்..."

"அவ்வளவு விளங்கியது."

மன்னிக்கச் சொல்லி ஆஸ்முஸ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்னாசித்தம்பிக்கும் தெரியவில்லை. பல வருடமாக மனதுக்குள் அவர் கோர்த்துவைத்திருந்த டேனிஷ் வசனங்கள் எத்தனையோ இருந்தன. எல்லாம் அந்த அமைச்சருக்கு என்று வைத்திருந்தவை. ஒன்றும் இந்தக் கிழவருக்குப் பொருந்தவில்லை. கோபம் இல்லாமலும் இல்லை. கோயில் வாசலில் அன்று கேட்ட குரல் இன்னும் காதில் இருந்தது. சேமக்காலையில் கல் நின்ற இடமும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. இரண்டும் ஒரே ஆளுடையது.

குசினியிலிருந்து விக்ரோரியா எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, அவரைச் சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லுங்கோ. இந்தப் பனிக்குள்ள வெறும் வயித்தோட என்னெண்டு நடப்பார்?"

இன்னாசித்தம்பி அதை டேனிஷில் சொன்னார். ஆஸ்முஸ் கொஞ்சம் தயங்கி, தொப்பியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, கதிரையைக் கிட்ட இழுத்தார். வெள்ளிக்கிழமை, மீன் குழம்பு. பிரியந்தி முள்ளுக்கரண்டி கொண்டுவந்து வைத்தாள்.

"முள் இருக்கிறது," என்றார் இன்னாசித்தம்பி. "பார்த்துச் சாப்பிடுங்கள்."